உதவி என்றால் பழைய துணி மட்டும்தானா?

(டெல்லிக் கிளை அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமக்குப் பக்கத்திலிருக்கும் ஃபரிதாபாத்தைத் தொழில் நகரமாகத்தான் நம்மில் பலர் அறிவோம். ஆனால் அங்குள்ள புதிய நகரம், 1947 பிரிவினையில் வடமேற்கு எல்லைப்புற மாகாணத்திலிருந்து வந்த அகதிகளுக்காக எழுந்தது. கமலாதேவி சட்டோபாத்யாயா தலைமையில் இயங்கிய இந்தியக் கூட்டுறவு யூனியன் அவர்களுக்குத் துணை நின்றது. கான்ட்ராக்டர்கள் கட்டிக் கொடுத்த வீடுகளில் அவர்கள் குடியேறவில்லை. கடையும் வியாபாரமுமாக இருந்தவர்கள்கூடக் கட்டட வேலை பழகி, தங்கள் வீடுகளைத் தாங்களே கட்டினார்கள். கூலியும் கிடைத்தது, கௌரவமும் மிஞ்சியது.

இன்று நம் டெல்லியிலேயே, திலக் நகர்ப் பக்கம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சீக்கிய, ஹிந்துக் குடும்பங்கள் வசிக்கின்றன. 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் வசமான பிறகு வந்தவர்களும் அவர்களில் உண்டு. பழைய துணியும் ஒரு வேளை அன்னதானமும் அன்றைய கஷ்டத்துக்கு ஆகும். அதற்குப் பிறகு? குழந்தைக்குப் பள்ளியில் இடம், விசா நீட்டிப்புக்கு மனு, தெரிந்த தொழிலுக்கு ஒரு வேலை, இவையல்லவா வேண்டும்!

ஊரிலிருந்து புதிதாக ஒரு குடும்பம் வந்தால் வீடு பார்த்து, பள்ளி சொல்லி, பால்காரர் வரை அறிமுகம் செய்து வைக்கிறோம். அதையே இவர்களுக்கும் செய்யலாம். நம்மில் பலர் அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் ஓய்வு பெற்றவர்கள். மனு எழுதுவதும் படிவம் நிரப்புவதும் நமக்குக் கைவந்த கலை. முதலில் அவர்களிடமே போய் என்ன தேவை என்று கேட்போம்.

வாரம் இரண்டு மணி நேரம் போதும். நான் தயார். இன்னும் நான்கு பேர் பெயர் கொடுத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடலாம்.