இரு நோயும் ஒரு மனிதனும்



வெள்ளி விழா மேடையில் சங்கத்தின் வெற்றிகளைப் பேசுவதே மரபு. ஆயினும், நம் தெருக்களில் மூடிய கதவுகளுக்குள் கிடக்கும் ஒரு துயரை இங்கே பேச விரும்புகிறோம். மனநோயும் குடிநோயும் ஒருவரையே ஒருங்கே பற்றுவதுதான் அத்துயர்.

போடிநாயக்கனூரிலிருந்து நம் மக்கள் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டைக் கடந்து ஏலத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். தோட்டம் கேரளத்தில், வீடு தமிழகத்தில். உயர் சிகிச்சைக்கோ க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அன்று நோயாளியின் கூலியும் போகும். துணைக்குச் செல்பவரின் கூலியும் போகும். இது முதல் தடை.

இரண்டாவது தடை, நோயைக் கூறுபோடுவது. மனம் நொந்தவன் குடிக்கிறான்; குடியால் மனம் மேலும் கெடுகிறது. "முதலில் குடியை நிறுத்தி வா" என்பர் ஒருசாரார். "முதலில் மனத்தைச் சரிசெய்து வா" என்பர் மற்றொரு சாரார். இரு வாயில்களுக்கிடையே அவன் அலைகிறான். இரண்டையும் ஒருங்கே கவனிப்பதே முறை என்கிறது இன்றைய மருத்துவம். நாட்பட்டுக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் கண்டு உயிருக்கே இடர் நேரலாம். அதைப் பேய் எனக் கருதிக் கோடங்கியிடம் ஓடுவது தகாது.

மூன்றாவது தடையே கொடியது, அது நாணம். "அது குடிகாரத் தெரு" என்று நம்மைப் பழிப்போர் உண்டு. அப்பழிக்கு அஞ்சியே நாம் நோயை மறைக்கிறோம். குடிநோய் எந்தச் சாதியையும் விட்டுவைப்பதில்லை. 2015-16ஆம் ஆண்டுகளின் தேசிய மனநல ஆய்வின்படி, இந்நாட்டுக் குடிநோயாளருள் நூற்றுக்கு ஏறத்தாழ 86 பேர் சிகிச்சை பெறாதவர்கள். அவர்கள் அனைவரும் நம் தெருவினரா?

மறைத்து ஒதுக்குவதன் முடிவை ஏர்வாடியில் கண்டோம். 2001 ஆகஸ்டு 6 அன்று பற்றிய தீயில், சங்கிலிப் பிணைப்பால் தப்ப இயலாமல் மனநோயாளர் 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. மதுவால் விளையும் மனநிலைக் கேடுகளையும் மனநோய் என்றே அது ஏற்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர்க்கு அரசு மனநல நிலையங்களில் இலவச சிகிச்சையை உரிமையாக்கியுள்ளது.

இளைஞர்களே! உரிமை ஏட்டில் கிடந்தால் பயனில்லை. நோயாளியுடன் மருத்துவமனைக்குத் துணை செல்லுங்கள். குடியையும் மனத்துயரையும் ஒருசேர மருத்துவரிடம் எடுத்துரையுங்கள். வழி தெரியாத வீட்டாருக்கு 14416 என்னும் அரசின் மனநலத் தொலைபேசி எண்ணைச் சொல்லுங்கள். இழக்கும் கூலியை ஈடுசெய்யச் சங்கம் ஒரு சிறு நிதி திரட்டட்டும். எழுதப் படிக்கக் கற்றுத் தந்த இச்சங்கம், வெட்கமின்றி உதவி கேட்கவும் கற்றுத் தரட்டும்.