ஈட்டி மரமும் கிதார் இசையும்

ஈட்டி, தோதகத்தி என்று சொல்லப்படும் மரம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும், கொல்லிமலை உள்ளிட்ட கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்வது. கட்டிலுக்கும் மேசைக்கும் பேர்போன இம்மரம் உலகச் சந்தையில் இந்திய ரோஸ்வுட் எனப்படுகிறது. இதன் உறவான பிரேசில் ரோஸ்வுட்டும் இதுவும் கிதார் செய்வோர் பெரிதும் விரும்பும் மரங்கள்.

ரோஸ்வுட்டின் பெருமைக்குப் பீட்டில்ஸ் குழுவின் 'லெட் இட் பி' நல்ல சான்று. 1969 ஜனவரியில் பெரும்பகுதி பதிவாகி, 1970 மே மாதம் வெளிவந்த இசைத்தட்டு அது. குழுவின் கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனுக்காக ஃபெண்டர் நிறுவனம் முழுக்க ரோஸ்வுட்டால் ஒரு டெலிகாஸ்டர் மின்கிதார் செய்து லண்டனுக்கு அனுப்பியது. இரண்டு ரோஸ்வுட் பலகைகளுக்கு நடுவே மெல்லிய மேப்பிள் தகடு வைத்து ஒட்டிய உடல் அதற்கு. ஜான் லெனனிடம் எபிஃபோன் கசினோ, பால் மெக்கார்ட்னியிடம் வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ். ஜனவரி 30 அன்று லண்டனில் குழுவின் ஆப்பிள் நிறுவன அலுவலக மொட்டைமாடியில் இம்மூன்றும் ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்கள் வழியே ஒலித்தன. அங்கே வாசித்த மூன்று பாடல்கள் இசைத்தட்டில் இடம்பெற்றன. மின்சாரமில்லாக் கிதார் வேண்டிய பாடலுக்கு மார்ட்டின் டி-28 வந்தது. அதன் முதுகும் பக்கங்களும் ரோஸ்வுட், முகப்பலகை ஸ்புரூஸ்.

ரோஸ்வுட் கனமானது, இறுக்கமானது. அதிர்வை எளிதில் விழுங்காது. அதனால் டி-28 போன்ற கிதார்களில் மீட்டிய சுரம் நீண்டு நிற்கும். கீழ்ச்சுரங்கள் நிறைந்து கேட்கும். இயல்பிலேயே எண்ணெய்ப் பசை இருப்பதால், விரல்பலகைக்கு வார்னிஷ் பூச வேண்டியதில்லை.

1960களின் இறுதியில் பிரேசில் தன் ரோஸ்வுட் கட்டைகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. மார்ட்டின் முதலிய நிறுவனங்கள் இந்திய ஈட்டிக்கு மாறின. அதன்பின் வந்த எண்ணற்ற கிதார்களின் முதுகும் விரல்பலகையும் இந்த மரமே.

ஈட்டி மெல்ல முதிரும் மரம். வெட்டும் வேகத்துக்கு வளர்ச்சி ஈடுகொடுக்காது. தமிழ்நாடு 1994இல் ஈட்டி மரப் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, பட்டா நிலத்து மரத்தையும் அனுமதியின்றி வெட்டத் தடை விதித்தது. 2017இல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை ரோஸ்வுட் இனங்களின் உலக வணிகத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. 2019இல், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குத் தர முடிவாயிற்று. கட்டைக்கும் பலகைக்கும் கட்டுப்பாடு நீடிக்கிறது. நல்ல கிதார் இனியும் கிடைக்க வேண்டுமானால், காட்டில் ஈட்டிக் கன்றுகள் முதிர்ந்து மரமாக இடம் விட்டாக வேண்டும்.