செவிக்குழாயைக் காப்போம்

(சுகாதாரப் பணியாளர் பயிற்சி முகாமில் நிகழ்த்தப்பட்ட உரை)

வகுப்பில் வினாவுக்கு விடை கூறாத சிறுவனை மந்தபுத்தியுடையவன் என்று கருதிவிடுவது எளிது. அவனுடைய செவிக்குழாயை எவரேனும் பார்த்ததுண்டா என்பதே முதலில் எழவேண்டிய வினா.

வளர்ந்தோரிடம் இக்குழாய் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளமுடையது. சற்றே வளைந்து செல்லும் இதன் முடிவில் செவிப்பறை உள்ளது. குழாயின் வெளிப்பாகத்தில் சுரக்கும் குறும்பி வெறும் அழுக்கன்று. அது தூசியைப் பிடித்து நிறுத்துகிறது. தோலை ஈரத்திலிருந்தும் கிருமிகளிலிருந்தும் காக்கிறது. குழாயின் தோல் வெளிநோக்கி மெல்ல நகர்வதால், பழைய குறும்பி பெரும்பாலும் தானே வெளியேறிவிடுகிறது.

கொண்டை ஊசி, தீக்குச்சி, பஞ்சுக்குச்சி ஆகியவை இவ்வியற்கை ஒழுங்கைக் குலைக்கின்றன. குறும்பி உள்ளே தள்ளப்பட்டு அடைப்பாகிறது; கீறிய தோலில் சீழ் பிடிக்கிறது; செவிப்பறை கிழியவும் கூடும். காதில் எண்ணெய் ஊற்றும் வழக்கம் பூஞ்சைத் தொற்றுக்கு இடமளிக்கிறது. செவிப்பறையில் துளை இருப்பின் தீங்கு மேலும் பெரிது.

காது கேளாமையைத் தடுத்துக் கட்டுப்படுத்தும் தேசியத் திட்டம் 2007-ஆம் ஆண்டில் 25 மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கப்பட்டது. செவிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிவது அதன் நோக்கங்களுள் ஒன்று. கிராமத்தில் அந்நோக்கம் நிறைவேறுவது ஆசிரியரின் கவனத்தையும் சுகாதாரப் பணியாளரின் பயிற்சியையும் பொறுத்தது.

குறும்பி அடைப்பால் நேரும் கேளாமை, தேர்ச்சி பெற்றவர் அதனை அகற்றியதும் பெரும்பாலும் நீங்கிவிடும். மந்தபுத்தி என்று ஒருமுறை சூட்டப்பட்ட பெயரோ அத்துணை எளிதில் நீங்குவதில்லை.