நீண்ட ஆயுள் ஓர் அமானிதம்

(சுதந்திர தின விழாவில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

சுதந்திர தினத்தன்று நாட்டிற்காக உயிர்நீத்தோரை நினைவுகூர்வது நம் வழக்கம். அவர்களோடு சேர்த்து, போரில் பிழைத்து நெடுங்காலம் வாழ்ந்து, குடும்பமும் தொழிலும் நடத்தி முதுமையில் மறைந்தோரையும் இன்று நினைவுகூர விழைகிறேன். உயிரைக் கொடுத்தவரின் தியாகம் ஒரு நாளில் நிறைவு பெற்றுவிடுகிறது. உயிரோடு திரும்பியவரோ தம் தியாகத்தின் மதிப்பை எஞ்சிய வாழ்நாள் முழுவதும் காத்து வர வேண்டியவராகிறார். அது எளிய காரியமன்று.

கடல் கடந்து சென்றோர்

வெளியூர் சென்று திரும்புவது நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததாலேயே சிவகாசியின் வரலாறு மாறியது என்பதை நாம் அறிவோம். அதே காலத்தில் தென்மாவட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் பிழைப்புத் தேடிச் சென்றனர். கடைகளில் கணக்கெழுதினர், ரப்பர்த் தோட்டங்களில் பால் எடுத்தனர், துறைமுகங்களில் மூட்டை சுமந்தனர்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவில் இருந்த நம்மவர்களில் இலட்சக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து கால்நடையாகவே இந்தியா நோக்கிப் புறப்பட்டனர். வழியில் மடிந்தோர் ஏராளம். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தங்கிவிட்டோரில் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். 1943 ஜூலை 2 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தபின் அப்படை புத்துயிர் பெற்றது. தோட்டத் தொழிலாளரான தமிழர்கள் பெருந்திரளாக அதில் இணைந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அமைந்த ஆசாத் ஹிந்த் அரசின் ஆலோசகர்களுள் கரீம் கனி என்னும் தமிழ் முஸ்லிமும் ஒருவர்.

இருபத்தாறும் தொண்ணூற்றேழும்

அப்போராட்டத்தில் இருவரை மட்டும் இங்கே எடுத்துக்காட்டுகிறேன்.

ஒருவர் வக்கம் அப்துல் காதர். கேரளத்தின் வக்கம் என்னும் ஊரினர். 1938-இல் மலாயா சென்றார். அங்கே பயிற்சி பெற்று, நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியக் கடற்கரைக்கு அனுப்பப்பட்டுப் பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10 அன்று சென்னை மத்திய சிறையில் தம் தோழர்களோடு தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 26. முதுமை என்பதையே காணாமல் அவர் சென்றுவிட்டார்.

மற்றவர் கேப்டன் லட்சுமி அம்மையார். 1914 அக்டோபர் 24 அன்று சென்னையில் பிறந்தார். 1938-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1940-இல் சிங்கப்பூரில் குடியேறினார். அங்கே புலம்பெயர்ந்த ஏழை இந்தியத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்தார். நேதாஜியின் அழைப்பை ஏற்று ஜான்சி ராணிப் படைப்பிரிவின் தலைமையை ஏற்றார். அப்பிரிவில் சேர்ந்த பெண்களில் மிகப் பலர் மலாயாத் தோட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகள். இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர்கள். 1945-இல் பர்மாவில் சிறைப்பட்ட அம்மையார், 1946 மார்ச்சில் இந்தியா கொண்டுவரப்பட்டார்.

1945 இறுதியில் செங்கோட்டை வழக்கில் கூண்டில் நின்ற ஷாநவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவரையும் நாம் மறக்கலாகாது. ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். ஷாநவாஸ் கானின் சொந்த ஊர் இராவல்பிண்டிப் பகுதியைச் சேர்ந்தது. பிரிவினையின்போது அது பாகிஸ்தானுக்குள் சென்றது. அவரோ இந்தியாவையே தேர்ந்து இங்கு வந்து, மீரட் தொகுதி மக்களால் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறந்த ஊரை விட்டு வருவது எத்தகைய வலி என்பதை, 1960-களில் பர்மாவிலிருந்து கையில் ஏதுமின்றித் திரும்பிய குடும்பங்கள் நன்கறியும்.

போருக்குப் பின் வந்த அறுபத்தைந்து ஆண்டுகள்

1947 மார்ச்சில் பிரேம் சாகலை மணந்த லட்சுமி அம்மையார் கான்பூரில் குடியேறினார். கணவர் ஆலையில் பணியாற்றினார். அம்மையார் மருத்துவமனை நடத்தினார். இரு பெண்மக்களை வளர்த்தார்கள். பிரிவினையால் வீடிழந்து வந்த அகதிகளுக்கு, இந்து என்றும் முஸ்லிம் என்றும் பாராமல் மருத்துவம் செய்தார். 1971-இல் வங்கதேச அகதிகள் எல்லை கடந்து வந்தபோது முகாம்களுக்குச் சென்று தொண்டாற்றினார். 1984-இல் சீக்கியர்களுக்கு எதிரான வன்முறை மூண்டபோது, தம் மருத்துவமனையை ஒட்டிய பகுதியில் கலகக்காரர்களின் முன்னே சென்று நின்று அவர்களைக் காத்தார். அப்போது அவருக்கு வயது எழுபது. அவ்வாண்டின் இறுதியில் போபால் நச்சுவாயுவால் பாதிக்கப்பட்டோருக்கு மருத்துவம் பார்க்கவும் சென்றார்.

2002-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நம் இராமேஸ்வரத்துப் பெருமகனார் அப்துல் கலாம் அவர்களை எதிர்த்து நின்று தோற்றார். தமிழ்நாட்டில் பிறந்த இருவர் எதிரெதிரே நின்ற தேர்தல் அது. தோல்விக்குப் பின்பும் நோயாளிகளைப் பார்ப்பதை அவர் நிறுத்தவில்லை. தொண்ணூறு வயதைக் கடந்த பின்பும் அவரது மருத்துவமனை திறந்தே இருந்தது. 2012 ஜூலை 23 அன்று தமது 97-ஆம் வயதில் மறைந்தார்.

பெருமக்களே! அம்மையாரின் அரசியல் கொள்கை நம்முடையதன்று. எனினும் மனிதர்களுக்கு நன்றி பாராட்டாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவரே என்ற கருத்தை நமக்குக் கற்பித்தவர்கள் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள். ஆகவே நன்மையை எவரிடம் கண்டாலும் நன்மை என்றே சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். இருபத்தாறு வயதில் ஒரு காதர் விட்டுச் சென்ற பணியை, அறுபத்தைந்து ஆண்டுகள் வேறொரு வடிவில் இவர் தொடர்ந்தார் என்றே நான் கருதுகிறேன். பிழைத்தவருக்குக் கிடைத்த ஆயுள் அவருக்கு மட்டும் உரியதன்று, அது அமானிதம்.

நம் ஊருக்கு இதில் என்ன?

அம்மையார் மறைந்து ஆறு வாரங்களில், 2012 செப்டம்பர் 5 அன்று, நம் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவிக்கு ஓடிச் சென்ற ஊர் மக்களும் அதில் அடக்கம். கந்தகமும் மருந்தும் புழங்கும் இம்மண்ணில், அடுத்தவர் வீட்டுத் துயரம் எந்நேரமும் நம் வாசலுக்கு வரலாம். அப்போது இரத்தம் கொடுக்கவும், மருத்துவமனைக்கு உடன் செல்லவும், தாயிழந்த பிள்ளையின் கல்விக்குப் பொறுப்பேற்கவும், சமயம் பாராமல் முன்வரும் இளைஞர்களின் பட்டியல் ஒன்று நம் ஜமாஅத்தில் எப்பொழுதும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது வேண்டுகோள் வீட்டிற்குள் நிறைவேற்ற வேண்டியது. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான மத்திய அரசின் ஓய்வூதியம் 1972-இல் தொடங்கப்பட்டது. இந்திய தேசிய இராணுவத்தினரும், அவர்களுக்குப்பின் அவர்தம் வாழ்க்கைத் துணையும் அதற்கு உரியவர்கள். ஆயினும் சிறைச் சான்றோ படைச் சான்றோ இல்லாதவர் தம் உரிமையை நிலைநாட்டுவது அரிது. கரையான் அரித்த ஒரு காகிதத்தோடு ஒரு தலைமுறையின் தியாகமே அழிந்துவிடுகிறது. உங்கள் பாட்டனாரின் டிரங்குப் பெட்டியில் பர்மாப் பயணச்சீட்டோ, மலாயாக் கடிதமோ, பழைய அடையாள அட்டையோ இருக்குமாயின் அதைக் குப்பையில் எறியாதீர்கள். எழுபதைக் கடந்தோர் உங்கள் வீட்டில் இருப்பின், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் அரை மணி அவர்கள் அருகில் அமருங்கள். எந்தக் கப்பலில் சென்றார்கள், யாரோடு உண்டார்கள், யார் தோள் கொடுத்தார்கள் என்று கேளுங்கள், எழுதி வையுங்கள். திண்ணையின் ஓரத்தில் ஒதுங்கி அமர்ந்திருக்கும் அப்பெரியவர் கடந்து வந்த பாதையை அறியாத பேரப்பிள்ளை, தான் நிற்கும் இடத்தையும் அறியமாட்டான்.

நமக்கு அருளப்பட்ட ஒவ்வோர் ஆண்டையும் பிறருக்குப் பயன்படும் ஆண்டாக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! நம் வீட்டு முதியோருக்கு நல்ல உடல்நலத்தையும், அவர்களைப் பேணும் மனத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.