பருந்து என்று எழுதுமுன்



பத்தாண்டு நிறைவுக் கூட்டத்தில் கவிதையைப் பற்றிப் பேசாமல் பருந்தைப் பற்றிப் பேசுவதேன் என்று சிலர் வியக்கலாம். பெயரிட்டு அழைப்பது கவிஞரின் முதல் தொழில். அத்தொழிலில் நாம் எவ்வளவு விழிப்பாக இருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கவே இப்பொருளைத் தேர்ந்தேன்.

வானில் வட்டமிடுவது எதுவாயினும் இன்றைய கவிதையில் அது பருந்து. சற்றுப் பெரிதாயின் கழுகு. நம் முன்னோர் இப்படி அமையவில்லை. புள்ளைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தது தொல்காப்பியம். பாலைக்குரிய புட்களைச் சொல்லும் நம்பியகப்பொருள் புறாவோடு பருந்து, எருவை, கழுகு என மூன்றைத் தனித்தனியே எண்ணுகிறது. குறுந்தொகையின் 151ஆம் பாட்டில், வங்காவைப் பிரிந்த பேடையை அஞ்சவைப்பது எழால். அதனைப் புல்லூறு என்று உரை காண்பர். பல வகுப்பறைகளில் 'ஒரு வகைப் பறவை' என்ற அளவில் விளக்கம் முடிந்துவிடுவதுண்டு. பறவையையே வேட்டையாடும் புள் என்று அறிந்தால்தான் அப்பேடையின் அச்சமும், பிரிய எண்ணும் தலைவன் நெஞ்சின் தடுமாற்றமும் நமக்குப் புலப்படும்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியின் கரிசல் காடுகளில் பருத்தியும் மக்காச்சோளமும் நிற்கும் பனிக்காலத்தில், பயிரின் தலையை உரசுவதுபோல் தாழப் பறந்து செல்லும் மெலிந்த பறவை பூனைப்பருந்து. கிளையில் காத்திருந்து பாயும் வல்லூற்றின் வழக்கம் இதற்கில்லை. ஊர்ப்பருந்தின் பிளவுபட்ட வாலும் இல்லை. இரு சிறகையும் சற்றே மேல்நோக்கி உயர்த்தி, மெல்ல மிதந்து, தரையைத் துழாவிச் செல்லும். முகம் ஆந்தையின் முகம்போல் வட்டமானது. புல்லுக்குள் எலி அசையும் ஒலியைக் கேட்க அவ்வமைப்பு உதவுகிறது. வெட்டுக்கிளி, ஓணான், எலி, வானம்பாடி ஆகியவை இதன் இரை.

இவற்றுள் நீர்நிலையோரம் திரிவது சேற்றுப் பூனைப்பருந்து. உலர்நிலத்தில் வருபவை பெரும்பாலும் இரண்டு: மாண்டேகு பூனைப்பருந்து, வெளிர் பூனைப்பருந்து. அரிதானது பின்னது. மத்திய ஆசியப் புல்வெளிகளில் முட்டையிட்டுக் குளிர்காலத்தைக் கழிக்க இங்கு வருவது. உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கிய இனமாகப் பட்டியலிடப்பட்டது.

ஆண்களைப் பிரித்தறிவது எளிது. வெளிர் பூனைப்பருந்தின் ஆண் மங்கிய சாம்பல் நிறம், அடிப்புறம் வெண்மை, சிறகு நுனியில் ஒடுங்கிய ஆப்புப்போல் கருமை. மாண்டேகு ஆண் சற்று அடர்ந்த சாம்பல். சிறகின் மேல் குறுக்கே ஒரு கருங்கோடு. வயிற்றில் செம்பழுப்புக் கீற்றுகள். பெண் பறவைகளில்தான் இடர்ப்பாடு. இரண்டும் பழுப்பு; இரண்டிற்கும் வாலின் அடியில் வெண்பட்டை, வாலில் குறுக்கு வரிகள். அப்போது முகத்தைப் பார்க்கவேண்டும். கருத்த கன்னத்தின் பின்னே கழுத்தைச் சுற்றி வெளிறிய வளையம் தெளிவாகத் தெரிந்தால் அது வெளிர் பூனைப்பருந்து. கண்ணைச் சுற்றி வெண்மை மிகுந்து, வளையம் தெளிவற்றிருந்தால் மாண்டேகு. பறவை நம்மைக் கடக்கும் சில நொடிகளுக்குள் இதனைக் கண்டாக வேண்டும்.

ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு இனமென்று அறிஞர்களே மயங்கிய காலமும் உண்டு. இங்கிலாந்தின் ஜார்ஜ் மாண்டேகு (1753–1815), பூனைப்பருந்துக் குஞ்சுகளை வளர்த்து, இறகு மாறும்வரை காத்திருந்து, சாம்பல் நிறப் பறவையும் பழுப்பு நிறப் பறவையும் ஓரினத்தின் ஆணும் பெண்ணுமே என்று நிறுவினார். 1802இல் வெளியான அவருடைய பறவை அகராதி, இன்று அவர் பெயரைத் தாங்கும் பறவையை வேறு பிரித்துக் காட்டியது. ஒரு பெயரின் பின்னே இத்தனை பொறுமை இருக்கிறது.

களத்தில் நிற்போரிடம் நான் மதிக்கும் பண்பு ஒன்றுண்டு. முகம் தெரியாதபோது அவர்கள், 'பூனைப்பருந்து, இனம் உறுதியில்லை' என்று எழுதி நிறுத்திக்கொள்வர். அரிய பறவையைக் கண்டேன் என்று சொல்லும் ஆசை யாருக்கும் உண்டு. கண்ணால் கண்ட அளவே எழுதும் அடக்கம் சிலருக்கே வாய்க்கும். சொல்லழகுக்காகக் காணாததைக் கண்டதாக எழுதும் கவிஞனுக்கு இதனினும் நல்ல ஆசான் இல்லை.

பெயர் தவறினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். நம் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024 சனவரியில் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ராம்சர் அளவுகோல்களுள் ஒன்று, ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கையேனும் அந்நீர்நிலை தாங்குகிறதா என்பது. பறவையை இனம் கண்டு எண்ணுவோர் இல்லாமல் இக்கேள்விக்கு விடை கூற இயலாது. ஏரிக்குக் கிடைத்த அக்கவனம் கரையேறிய காட்டுக்குக் கிட்டவில்லை. பூனைப்பருந்துகள் இரவில் மரத்தில் அடைவதில்லை. உயர்ந்த புல்லுக்கிடையே தரையில் கூட்டமாக உறங்குகின்றன. அந்தப் புல்வெளிக்கு வருவாய்த்துறைக் கணக்கில் பெயர் 'தரிசு'. தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தை உழுதாலும் தோண்டினாலும் மரம் நட்டு மூடினாலும் யாரும் இழப்பென்று கருதுவதில்லை. பறவைக்குப் பெயரில்லை, அது உறங்கும் இடத்திற்கோ தவறான பெயர். இரண்டும் சேர்ந்தால் அது மறைந்த செய்திகூட நமக்கு எட்டாது.

ஆதலின் கவிஞர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த பனிக்காலத்தில் கரிசல் வரப்பில் சற்று நில்லுங்கள். தாழப் பறப்பதன் முகத்தைப் பாருங்கள். தெரிந்தால் பெயரைச் சொல்லி எழுதுங்கள். தெரியாவிட்டால் கண்ட நிறத்தையும் பறந்த விதத்தையும் எழுதுங்கள். அதனைப் படிக்கும் ஒருவர் 'தரிசு' என்று எழுதுமுன் ஒருமுறை தயங்குவாராயின், நம் வட்டம் தமிழுக்கும் இம்மண்ணுக்கும் ஒருசேரத் தொண்டு செய்ததாகும்.