எலப்புள்ளியும் நீதிமன்றங்களும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

நம் ஜில்லாவின் நீதிமன்ற வரலாற்றைச் சொல்லுமாறு சங்கச் செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நான் சட்டம் கற்றவன் அல்லன், ரயில்வே குமாஸ்தா. ஆகவே தூரத்தைக் கொண்டே இவ்வரலாற்றை அளக்க முற்படுகிறேன்.

1792-இல் திப்பு சுல்தான் மலபாரைக் கும்பினியாரிடம் ஒப்படைத்தார். பம்பாய் நிர்வாகத்தில் இருந்த அந்நாடு 1800-இல் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. எலப்புள்ளி அம்மலபார் ஜில்லாவின் கிழக்கு ஓரம். சிறு வழக்குகளுக்குப் பாலக்காடு முன்சீப் கோர்ட்டு உண்டு. ஜில்லாவின் தலைநகரோ கடற்கரையிலுள்ள கோழிக்கோடு. மேல்முறையீட்டுக்குச் சென்னை செல்ல வேண்டும். ஏறத்தாழ 550 கிலோமீட்டர்! 1862-இல் சென்னை உயர்நீதிமன்றம் தோன்றிற்று. அதே ஆண்டில் சென்னையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பேப்பூர் வரை ரயிலும் ஓடத் தொடங்கிற்று. நீதி நெருங்கி வராவிடினும் வழியேனும் சுருங்கிற்று. இதில் எங்கள் இலாகாவுக்குச் சற்றுப் பெருமை உண்டு.

இதைவிட வியப்பானது பக்கத்துச் சித்தூர்த் தாலுகாவின் கதை. அது கொச்சி மன்னருக்கு உரியது. எலப்புள்ளியில் ஒரு வயலும் சித்தூர்ப் பக்கம் ஒரு தோப்பும் உடைய குடியானவர் இரண்டு அரசுகளின் சட்டங்களுக்கு உட்பட்டவர். வயல் வழக்கு சென்னைக்குப் போகும். தோப்பு வழக்கு எறணாகுளத்துக்குப் போகும். ஒரே வரப்பின் இருபுறமும் இரண்டு நியாயங்கள்!

1956 நவம்பர் 1-இல் கேரள மாநிலம் பிறந்தது. எறணாகுளத்தில் அதன் உயர்நீதிமன்றம் அமைந்தது. 1957 ஜனவரி 1-இல் மலபார் மூன்றாகப் பிரிந்து பாலக்காடு ஜில்லா உருவாயிற்று. சித்தூரும் அதில் சேர்ந்தது. எலப்புள்ளியின் மேல்முறையீட்டுப் பயணம் 550-இலிருந்து சுமார் 150 கிலோமீட்டராகக் குறைந்தது. ஆயினும் பழைய பிளவு அழிந்த நாளிலேயே புதிய பிளவு ஒன்று ஏற்பட்டதை நம் குடும்பங்கள் நன்கு அறியும். வாளையாற்றுக்கு அப்பால் கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கும் அண்ணனுக்கு உயர்நீதிமன்றம் சென்னையில். இப்பால் இருக்கும் தம்பிக்கு எறணாகுளத்தில்.

பாட்டனார் நிலம் இருபக்கமும் கிடந்தால் பாகப்பிரிவினைக்கு இரண்டு வழக்குகளா? பலர் அஞ்சுவது இதற்கே. 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம், 17-ஆம் பிரிவு, அவ்வச்சத்தைப் போக்குகிறது. நிலத்தில் ஒரு பகுதி எந்த நீதிமன்ற எல்லைக்குள் உள்ளதோ, அங்கேயே முழு நிலத்துக்கும் வழக்குத் தொடரலாம். வழக்கின் முழு மதிப்பும் அந்நீதிமன்றம் விசாரிக்கத் தக்கதாக இருத்தல் வேண்டும். இதை அறியாமல் இரு பக்கமும் வக்கீல் வைத்துப் பணத்தை இறைப்பவர்களும் உண்டு.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசின் தலைமைச் செயலகத்துக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். தமிழிலேயே பதில் பெறலாம். இச்சலுகை அரசு அலுவலகங்களோடு நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு உரியது. நீதிமன்ற வழக்குக்கு உரியதன்று. ஆதலால், பெட்டியில் பாட்டனார் காலத்துத் தமிழ்ப் பத்திரம் வைத்திருப்போர், வழக்கு மூளும் வரை காத்திராமல், படித்துக் காட்டவல்ல முதியவர்கள் நம்மோடு இருக்கும்போதே எழுத்தெழுத்தாகப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.