வரிசை இருந்தால்தான் தொழிற்சாலை வீடு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் கட்டுமானச் செலவுக் கணக்காளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி இதுதான். பொருளாதாரம் மந்தமாகும்போது, தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து அடுக்கும் வீடுகள் மலிவாக அமைந்து நமக்குக் கைகொடுக்குமா? 'கொடுக்கும்' என்று சொல்லத்தான் பலருக்கும் ஆசை. நான் கணக்குப் பார்க்கிறவன். என் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

முதலில் இந்த வீடு எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். கிளெமெண்டி அவென்யூ 1ல் கிளெமெண்ட் கேனோபி என்ற இரட்டைக் கோபுரக் குடியிருப்பு இருக்கிறது. நாற்பது மாடி, 505 வீடுகள். 2019ல் கட்டி முடிக்கப்பட்டது. அது 1,899 பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய கட்டடம். கான்கிரீட் பெட்டிகள் ஜோகூரில் செனாய் வட்டாரத்தில் வார்க்கப்பட்டன. பிறகு துவாசுக்கு வந்து, தரை ஓடு, சன்னல், குழாய், மின்கம்பி எல்லாம் பொருத்தப்பட்டு, லாரியில் ஏறிக் கட்டுமானத் தளத்துக்குப் போயின. அங்கே பாரந்தூக்கி தூக்கி வைத்தது. தளத்தில் ஆள் குறைவு, தூசி குறைவு, சத்தம் குறைவு. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இவ்வளவு நல்ல முறைக்கு மந்தநிலையில் என்ன கேடு வரும்? வழக்கமான குத்தகையாளருக்கு வேலை குறைந்தால், வாடகைப் பாரந்தூக்கியைத் திருப்பி அனுப்புவார், துணைக் குத்தகையாளர்களை நிறுத்திவைப்பார். கஷ்டம்தான், ஆனால் மூச்சு விடலாம். தொழிற்சாலைக்காரர் நிலைமை அப்படியில்லை. கொட்டகை, இரும்பு அச்சுகள், வங்கிக் கடன், பழக்கியெடுத்த ஊழியர்கள் என்று எல்லாமே மாதந்தோறும் பணம் கேட்கும். பத்துப் பெட்டி செய்தாலும் கேட்கும், ஒரு பெட்டிகூடச் செய்யாவிட்டாலும் கேட்கும். ஆயிரம் பெட்டிக்குப் பகிர வேண்டிய செலவை நூறு பெட்டி சுமந்தால் விலை எங்கே குறையும்?

இங்கிலாந்தில் அண்மையில் நடந்ததைக் கேளுங்கள். 2021 டிசம்பர் தொடக்கத்தில் 0.1 விழுக்காடாக இருந்த மத்திய வங்கியின் வட்டி, 2023 ஆகஸ்டில் 5.25 விழுக்காட்டுக்கு ஏறியது. வீடு வாங்குவோர் பின்வாங்கினார்கள். அனுமதிகளும் தாமதமாயின. லீட்ஸ் நகருக்கு அருகே பெரிய தொழிற்சாலை நடத்திய லீகல் அண்ட் ஜெனரல் நிறுவனம் 2023 மே மாதத்தில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த மாதமே இல்க் ஹோம்ஸ் நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போனது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். நாட்டில் வீட்டுக்குத் தட்டுப்பாடு இருந்த நேரத்தில்தான் வீடு செய்யும் தொழிற்சாலைகள் மூடின. தேவை இருந்தது, ஆர்டர் வரவில்லை.

இது புதிய கதையும் அல்ல. அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1940 வரை பட்டியல் புத்தகம் வழியாகச் சுமார் 70,000 வீடுகளை விற்றது. மரம், ஆணி, கதவு எல்லாம் ரயிலில் வரும். வாங்கியவர் பூட்டிக்கொள்ள வேண்டும். கடனும் அதே நிறுவனம்தான் கொடுத்தது. 1930களில் பெருமந்தம் வந்தபோது மக்களால் தவணை கட்ட முடியவில்லை. தன் வாடிக்கையாளர் வீட்டைத் தானே ஏலம் போடும் நிலை கம்பெனிக்கு! 1934ல் ஒரு கோடியே பத்து லட்சம் அமெரிக்க வெள்ளிக்கும் மேற்பட்ட கடன்களைக் கணக்கிலிருந்து தீர்த்துக்கொண்டு கடன் வியாபாரத்தையே விட்டது.

சரி, சிங்கப்பூரில் மட்டும் இந்த முறை எப்படி வேரூன்றியது? காரணம், வரிசையை அரசாங்கம் உண்டாக்கியது. வீவக 1980களிலேயே முன்கூட்டி வார்த்த பாகங்களைப் பெருமளவில் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. 2014 முதல், அரசு விற்கும் குறிப்பிட்ட நிலங்களில் பெட்டி அடுக்கும் முறையில்தான் கட்டவேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. வேலை வரும் என்று தெரிந்த பிறகுதான் முதலாளிகள் அச்சு வாங்கினார்கள்.

ஆனால் அரசாங்கத்தாலும் எல்லாம் முடியாது. 1997 ஆசிய நெருக்கடிக்குப் பிறகு, வீடு கேட்டு நின்ற நீண்ட வரிசை கரைந்தது. 2002ல் வீவகவின் கையில் விற்காத வீடுகள் மட்டும் 17,000க்கு மேல். முதலில் முன்பதிவு, பிறகு கட்டுமானம் என்ற 'பிடிஓ' முறை 2001ல் வந்ததற்குப் பின்னணி இதுதான். இன்று பிடிஓ வீட்டுக்காகக் காத்திருந்து சலித்துக்கொள்ளும் இளம் தம்பதியருக்கு இது ஆறுதலாக இருக்காது என்று தெரியும். என்றாலும் அந்தக் காத்திருப்புதான் தொழிற்சாலைக்கு ஆர்டர் புத்தகம்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. 2020 மார்ச் 18ல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது அங்கே பெரும்பாலான தொழிற்சாலைகள் மூடின. ஏப்ரல் 7 முதல் இங்கேயும் கட்டுமானத் தளங்கள் நின்றன. ஓர் இடத்தில் வார்த்து இன்னோர் இடத்தில் அடுக்கும் முறையில் இரண்டு முனையில் எது நின்றாலும் வீடு நிற்கும். ஆள் குறைவாகத் தேவைப்படும் முறை என்பது உண்மை. ஆளே தேவையில்லை என்பது கற்பனை.

கடைசியாக, ஜோகூரிலிருந்து ஒரு நேயர் அனுப்பியிருக்கும் கேள்வி. சொந்த நிலத்தில் பெட்டி வீடு வைக்க விரும்புகிறாராம். விற்பவர் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறாராம். ஐயா, இந்த மாதிரி நேரத்தில் கொஞ்சம் பொறுங்கள். கம்பெனி மூடிவிட்டால், பாதி செய்த பெட்டி யாருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? ஒரு கம்பெனியின் பெட்டியோடு இன்னொரு கம்பெனியின் பெட்டி பெரும்பாலும் பொருந்தாது. இணைப்பு, அளவு, குழாய் வழி எல்லாம் மாறும். செங்கல் வீடு பாதியில் நின்றால் வேறு கொத்தனாரைக் கூப்பிடலாம், இதற்கு அந்த வசதி குறைவு. ஆகவே வேலை நடக்க நடக்கத் தவணையாகக் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் தொழிற்சாலைக்கே போய், உங்கள் பெட்டி எந்த அளவுக்கு முடிந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.